சிங்கப்பெருமாள் கோவில்: வாக்குச்சாவடிக்குப் போகும் முன்

வீட்டில் மாற்றுத்திறனாளி வாக்காளர் இருந்தால் தேர்தல் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். படிவம் 8 கொடுத்து, வாக்காளர் பட்டியலில் அவருடைய ஊனத்தை இப்போதே குறிக்கச் செய்யுங்கள். சக்கர நாற்காலி தேவையென்றால் 'சக்‌ஷம்' செயலியிலோ 1950 எண்ணிலோ கேட்கலாம். வாக்குச்சாவடியில் சாய்தளம் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. செங்குத்தாக இருக்கும் சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ளி ஏற்றுவது பெரும்பாடு.

ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால், படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அது ஏற்கப்பட்டபின் சாவடியில் வாக்களிக்க முடியாது.

பார்வையற்றவர்கள் பிரெயில் மாதிரி வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கித் தடவிப் படிக்கலாம். இயந்திரத்தின் நீலப் பொத்தான்களை ஒட்டியும் பிரெயில் எண்கள் உண்டு. தானே அழுத்த முடிந்தவரைத் தானே அழுத்த விடுங்கள். ரகசிய வாக்கு அவருடைய உரிமை.

துணை கட்டாயம் வேண்டுமென்றால் 18 வயது நிரம்பியவர் போகலாம். ஆனால் வாக்குப்பதிவு அன்று ஒருவர் ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணை. அப்பா, அம்மா இருவருக்கும் உதவி தேவைப்பட்டால் இரண்டு பேர் வேண்டும். ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளும் துணைக்கு வரலாம்; அவர்களும் வாக்காளர்கள்தானே! வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப் பிரிவு 135பி. சூப்பர்வைசரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.