வங்கிக்குப் பணம் வரும் முன்னே செக் எழுதலாமா?

செக் எழுதுகிற அன்றைக்குக் கணக்கில் பணம் இருக்க வேண்டியதில்லை, அது வங்கிக்குப் போய்ச் சேருகிற அன்றைக்கு இருந்தால் போதும் என்பது நம் வியாபாரத்தில் நெடுநாளாக நடந்துவரும் வழக்கம். சரக்கு வந்து இறங்கும். ஏஜெண்டு கையில் செக் போகும். சனி, ஞாயிறு கல்லாவில் விழுகிற பணத்தைத் திங்கட்கிழமை காலையில் வங்கியில் கட்டினால் செக் பாஸாகிவிடும். இதில் யாரையும் ஏமாற்றும் எண்ணம் கிடையாது. பணம் வரும் என்ற நம்பிக்கையில் எழுதுவதுதான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுத்த கால அவகாசம் இப்போது இல்லை. நம் வணிகப் பெருமக்களில் பலர் இதை இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முன்பெல்லாம் செக் என்ற காகிதமே ஊர் விட்டு ஊர் போகவேண்டும். திருநெல்வேலிக் கடைக்காரர் விருதுநகர் எண்ணெய் வியாபாரிக்குக் கொடுத்த செக், விருதுநகர் வங்கியில் போடப்பட்டு, தபாலில் திருநெல்வேலிக் கிளைக்கு வந்து, அதன் பிறகுதான் கணக்கில் கழியும். வெளியூர் செக்குக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆவது சாதாரணம். அத்தனை நாளும் கடைக்காரருக்கு வட்டியில்லாத கடன். யாரும் எழுதிக் கொடுக்காத கடன், ஆனால் எல்லோரும் அனுபவித்த கடன்.

செக்கைப் படம் பிடித்து அனுப்பும் முறை 2008ல் புதுடில்லியிலும் 2011ல் சென்னையிலும் தொடங்கியபோதே இந்தக் கடன் சுருங்க ஆரம்பித்தது. 2025 அக்டோபர் 4 முதல் அநேகமாக மறைந்தே விட்டது எனலாம். அன்று நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி பகல் நேரத்தில் வங்கிகள் செக்கின் படத்தைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் உண்டு, இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செக்கை ஏற்றுக்கொண்டதாகவே வைத்துக்கொள்வார்கள். காலையில் மொத்த வியாபாரி போட்ட செக்குக்கு உங்கள் கணக்கில் இரவுக்குள் முடிவு தெரிந்துவிடும். வேகமாகிவிட்டது வங்கிதான். நமக்குப் பாக்கி வைத்திருப்பவர் அதே பழைய நடையில்தான் வருகிறார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மளிகைக் கடைக்காரர் ஒருவரின் வங்கி இருப்பு 62,000 ரூபாய். வாடிக்கை ஓட்டல்காரர் கொடுத்த 85,000 ரூபாய் செக்கை மாதம் 5ந் தேதி காலையில் வங்கியில் போடுகிறார். இரண்டும் சேர்த்து 1,47,000 என்று மனதில் கூட்டிக்கொண்டு, எண்ணெய் மண்டிக்கு அதே தேதியிட்டு 1,40,000 ரூபாய்க்குச் செக் கொடுத்து அனுப்புகிறார். 7,000 மிச்சம் இருக்கிறது என்று நினைப்பு. ஓட்டல்காரர் செக் திரும்பினால் இவர் செக்கும் திரும்பும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஓட்டல்காரர் செக் நல்ல செக்காகவே இருக்கட்டும். மண்டிக்காரர் செக் முற்பகலிலேயே வந்துவிட்டு, ஓட்டல்காரர் வங்கி சாயங்காலம்தான் பதில் சொல்கிறது என்றால் என்ன ஆகும்? போட்டிருக்கிற செக் வேறு, எடுக்கத்தக்க இருப்பு வேறு. வங்கி பார்ப்பது இரண்டாவதைத்தான். சரி, அதுவும் நேரத்துக்கு வந்துவிட்டது என்றே வைப்போம். 5ந் தேதி வேன் கடன் தவணை 11,000 ரூபாய் தானாகவே கணக்கிலிருந்து எடுக்கப்படுவது அவர் நினைவில் இல்லை. மிஞ்சியது 1,36,000. நாலாயிரம் குறைவுக்காகச் செக் முழுவதுமே திரும்புகிறது. இருப்பதைக் கொடுத்துவிட்டு மீதிக்கு வாய்தா கேட்கிற பழக்கம் வங்கிக்குக் கிடையாது.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1881ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138வது பிரிவு சேர்க்கப்பட்டு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடனைத் தீர்க்கக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால், அதன் பிறகு அனுப்பப்படும் நோட்டீசுக்கும் பணம் கட்டாவிட்டால், அது குற்றம். முதலில் ஓராண்டாக இருந்த சிறைத் தண்டனையின் உச்ச அளவை 2002ம் ஆண்டுத் திருத்தம் இரண்டாண்டாக்கியது. செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமும் விதிக்கலாம். ஓ.டி. வைத்திருப்பவர்கள் வரம்பை மீறி எழுதிய செக்குக்கும் இதே கதிதான்.

நம் பொருளுக்கு மிக முக்கியமானது 138 அல்ல, அதிகம் பேசப்படாத 140வது பிரிவு. செக் கொடுத்தபோது அது திரும்பும் என்று நினைக்கக் காரணமே இல்லை என்று சொல்வது எதிர்வாதமாகாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. அதாவது, “ஓட்டல்காரர் பணம் வருமென்று நம்பினேன்” என்பது உண்மையாகவே இருந்தாலும் கோர்ட்டில் உதவாது. நாணயம் உள்ளவரும் இல்லாதவரும் இந்த ஓர் இடத்தில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இது கடுமையான விதிதான். ஆனால் செக்கை நம்பிச் சரக்கு அனுப்புகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம் புரியும்.

இனி, பின் தேதியிட்ட செக். தேதி வரும் வரை அது செக்கே அல்ல, அதில் போட்ட தேதியில்தான் செக் ஆகிறது என்று உச்ச நீதிமன்றம் 1993ல் சொன்னது. அந்தத் தேதிக்கு முன் வங்கி பணம் கொடுக்காது. தேதி வந்துவிட்டாலோ யாரையும் கேட்க வேண்டியதில்லை. “போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணாச்சி” என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் வாய் வார்த்தை. மண்டியில் கணக்குப்பிள்ளை மாறினால் அந்த வார்த்தையும் போயிற்று. “பேமெண்ட் நிறுத்தவும்” என்று வங்கிக்கு எழுதிவிட்டால் தப்பலாம் என்பதும் சரியல்ல. 1998லேயே அந்த வழி அடைபட்டுவிட்டது.

தேதியும் தொகையும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டு இரண்டு மூன்று செக்கை ‘ஜாமீனாக’ வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில மொத்த வியாபாரிகளிடமும், பெரும்பாலான வட்டிக் கடைகளிலும் உண்டு. தன் கையெழுத்துள்ள வெற்றுச் செக்கை விருப்பத்தோடு கொடுத்தவர், மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பினார் என்பதை மட்டும் காட்டித் தப்ப முடியாது என்று 2019ல் தீர்ப்பாயிற்று. கடனே இல்லை என்றோ, இவ்வளவு இல்லை என்றோ காட்டவேண்டிய சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுகிறது. அதற்கு ஆதாரம் எங்கே என்றால் பல கடைகளில் பதில் இருக்காது. செக் நம்பர், தேதி, தொகை, எந்த பில்லுக்கு என்ற நான்கையும் ஒரு சிட்டையில் எழுதி, வாங்கிக்கொண்டவர் கையெழுத்தைப் பெறுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

கடை லைசென்ஸும் வங்கிக் கணக்கும் மனைவி பெயரிலோ தாயார் பெயரிலோ இருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். கல்லாவில் கணவர், செக் புத்தகத்தில் மனைவி கையெழுத்து. சம்மன் வந்தால் அது கையெழுத்துப் போட்டவருக்குத்தான் வரும். கடையின் வரவு செலவே தெரியாத ஒரு பெண்மணி கோர்ட் வாசலில் நிற்கவேண்டி வரும். அந்த வீட்டில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் செக் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பார்ப்பது நல்லது.

பகுதிப் பணம் கட்டியவர்கள் விஷயத்தில் இரு தரப்பாரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று 2022ல் வந்தது. 1,40,000 ரூபாய்க்குச் செக் கொடுத்துவிட்டு, இடையில் 50,000 ரூபாயைக் கடைக்காரர் செலுத்திவிட்டால், மொத்த வியாபாரி அந்த வரவைச் செக்கின் மேலேயே குறித்து, மீதிக்குத்தான் போட வேண்டும். முழுத் தொகைக்கே போட்டு, அது திரும்பினால், 138ல் வழக்கு நிற்காது. ஆகவே கடைக்காரர் இப்படிப்பட்ட தொகையைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புவது நல்லது. என்.இ.எப்.டி. 2019 டிசம்பரிலிருந்தும், இரண்டு லட்சமும் அதற்கு மேலும் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகல் எந்நேரமும் நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்று காரணம் சொல்ல இப்போது வழியில்லை.

மொத்த வியாபாரிகள் நாள் கணக்கில் கோட்டை விடுவது அதிகம். செக்குக்கு ஆயுள் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம். 2012 ஏப்ரலுக்கு முன் ஆறு மாதமாக இருந்தது. இன்னும் ஆறு மாதம் என்றே நினைத்துப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆயுளுக்குள் எத்தனை முறையும் போடலாம், கடைசியாகத் திரும்பியதை வைத்தும் வழக்குத் தொடரலாம் என்று 2012ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் எழுத வேண்டும். உதாரணமாக, மெமோ ஜூன் 10ல் கிடைத்தால் ஜூலை 10க்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். அது கடைக்காரருக்கு ஜூலை 14ல் கிடைத்தால் ஜூலை 29 வரை அவருக்கு அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால்தான் வழக்கு. அதையும் அடுத்த ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பணம் வாங்க வேண்டியவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் வழக்கு என்று 2015 திருத்தம் சொல்கிறது. விருதுநகர் வியாபாரி விருதுநகரிலேயே போடலாம், கடைக்காரர்தான் அங்கே நடக்க வேண்டும். 2018 திருத்தத்தின் பிறகு, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிடலாம்.

கடைக்காரருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பெரிய சலுகை அந்தப் பதினைந்து நாள்தான். அதற்குள் செக் தொகையைக் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. நடப்பதோ வேறு. வக்கீல் நோட்டீஸ் என்று தெரிந்ததும் தபால்காரரிடம் “ஆள் ஊரில் இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். சரியான விலாசத்துக்கு வந்த தபால் சேர்ந்ததாகவே கோர்ட் கருதும். பதினைந்து நாளும் யாருக்கும் பயன்படாமல் ஓடிவிடும். நோட்டீசே வரவில்லை என்பவர், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டலாம் என்று 2007ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவைத் திறந்து வைத்தது. அதையும் தவறவிட்டால் சமாதானத்துக்குத்தான் வழி. இந்தக் குற்றம் எந்தக் கட்டத்திலும் சமாதானமாகத் தீர்த்துக்கொள்ளக்கூடியதுதான். நாள் ஆக ஆகச் செலவு ஏறும்.

நாளைய செக்குக்குப் பணம் போதாது என்று இன்றைக்கே தெரிந்தால் மண்டிக்குப் போன் செய்து, இருப்பதை உடனே அனுப்பிவிட்டு, மீதிக்கு வேறு தேதியில் செக் தருகிறேன் என்று சொல்லலாம். பெரும்பாலான மொத்த வியாபாரிகள் ஒப்புக்கொள்வார்கள். திரும்பிய செக்கால் அவர்களுக்கும் வங்கிக் கட்டணம், அலைச்சல். ஆனால் பழைய செக்கைக் கையில் வாங்காமல் புதுச் செக்கைக் கொடுக்கக் கூடாது. “எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன்” என்றால், அந்த நம்பர் செக் இனி வங்கிக்கு வராது, அதற்குப் பதில் இந்த நம்பர் செக் பெற்றுக்கொண்டேன் என்று அவருடைய லெட்டர்பேடில் எழுதி வாங்கி, அதன் நகலோடு உங்கள் வங்கிக் கிளைக்குப் பேமெண்ட் நிறுத்தும் கடிதம் கொடுத்துவிட வேண்டும்.