காமிராவின் தலையில் ஒரு சக்கரம்

கைப்பேசி வந்த பிறகு, நம் வீடுகளில் நல்ல டிஜிட்டல் காமிராக்கள் பல அலமாரியில் பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் உறங்குகின்றன. பிள்ளைகள் ஆசையாக வாங்கியவை. பொங்கல் விழாவுக்கோ அரங்கேற்றத்துக்கோ வெளியே எடுத்தால், மேலே உள்ள சக்கரத்தைப் பச்சை நிற ‘ஆட்டோ’வில் வைத்து நாலு படம் எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுகிறோம். சக்கரத்தில் இருக்கும் மற்ற எழுத்துக்களுக்கு என்ன பொருள் என்று நம் சங்கத்துச் சகோதரிகள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

குழாயடியில் குடம் நிரப்புவதை நினைத்துக் கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது லென்ஸின் துவாரம். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர் வேகம். குடத்தின் அளவுதான் ஐ.எஸ்.ஓ. எண், எண்ணைக் கூட்டினால் குடம் சிறிதாகிறது, குறைந்த வெளிச்சத்திலேயே நிரம்பிவிடும். ஆனால் படத்தில் ரவை தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். ஒரே குடத்தைக் குழாயை அகலத் திறந்து சீக்கிரமாகவும் நிரப்பலாம், சன்னமாகத் திறந்து மெதுவாகவும் நிரப்பலாம். இந்த இரண்டில் எதை நாம் தீர்மானிக்கிறோம், எதைக் காமிராவிடம் விடுகிறோம் என்பதுதான் சக்கரத்து எழுத்துக்களின் வேறுபாடு.

துவாரத்தின் எண்கள் பலரையும் குழப்பும்: 2.8, 4, 5.6, 8, 11, 16. எண் பெரிதானால் துவாரம் சிறிது! காரணம், இது ஒரு வகுத்தல் கணக்கு. 50 மில்லிமீட்டர் லென்ஸில் 2 என்று வைத்தால் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர்; 4 என்று வைத்தால் 12.5. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிறது, வெளிச்சமும் கால் பங்கு. ஆகவே மேலே சொன்ன வரிசையில் ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும்.

‘பி’ என்பது ப்ரோக்ராம். துவாரம், ஷட்டர் இரண்டையும் காமிராவே பார்த்துக் கொள்ளும். ஆட்டோவும் அதைத்தானே செய்கிறது என்பீர்கள். ஆட்டோவில் பல காமிராக்கள் நம் கையைக் கட்டிவிடும்; கேட்காமலே ஃப்ளாஷ் எழுந்து நிற்கும். ‘பி’யில் ஃப்ளாஷ் வேண்டுமா, ஐ.எஸ்.ஓ. எவ்வளவு என்பதை நாம் சொல்லலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

‘ஏ’ என்றால் துவாரம் நம் கையில். கேனானில் இதையே ‘ஏ.வி.’ என்று போட்டிருப்பார்கள். சிறிய எண் வைத்தால் முகம் மட்டும் தெளிவாகி, பின்னால் இருக்கும் கொடிக்கயிறும் துணிகளும் மங்கிப் போகும். கைப்பேசிகள் பெரும்பாலும் இந்த மங்கலைக் கணக்குப் போட்டுச் செய்கின்றன. அதனால்தான் சில சமயம் காது நுனியும் சேர்ந்து கரைகிறது. மூன்று வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு 8 வையுங்கள். 2.8 வைத்து, பின்வரிசையில் நின்ற மாமியார் மங்கலாக வந்தால் பொறுப்பு என்னுடையதல்ல.

‘எஸ்’ என்றால் ஷட்டர் நம் கையில். கேனானில் இது ‘டி.வி.’; தொலைக்காட்சி அல்ல, டைம் வேல்யூ. குழந்தைகளின் கோலாட்டத்துக்கு 250ல் ஒரு வினாடியாவது வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில், 60ல் ஒரு வினாடிக்குள் சுமார் 46 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் அது ரயிலாக இராது, ஒரு கோடாகத்தான் இருக்கும்.

இந்த ‘எஸ்’ஸில்தான் நான் மறக்க முடியாத தவறு செய்தேன். 2018ல் நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்குச் சதாபிஷேகம். படம் எடுக்கும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக் கொண்டேன். முதல் நாள் மாலை மைதானத்தில் பேரன் கிரிக்கெட் ஆடியதை 1000ல் ஒரு வினாடி, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்து எடுத்திருந்தேன். சக்கரத்தைத் திருப்பவில்லை. மறுநாள் மண்டபத்தில் தம்பதிகள் தலையில் கலச தீர்த்தம் ஊற்றியபோது இருபது படம் எடுத்தேன். அந்த வெளிச்சத்துக்கு, துவாரத்தை முழுக்கத் திறந்தாலும் 8ல் ஒரு வினாடி தேவை. நான் கொடுத்தது அதில் 125ல் ஒரு பங்கு. என் காமிரா கண்ணாடி வைத்த பழைய வகை. அதில் கண் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். ஓரத்தில் துவார எண் கண்ணடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் தீர்த்தத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். பின்பக்கத் திரையைப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. இருபதும் கறுப்பு. பெரியவர் “போகட்டும் விடுங்கள், தீர்த்தம் விழுந்ததல்லவா?” என்று சிரித்தார். மறு வருஷம் அவர் காலமானார். அந்த மாமியிடம் இருப்பது யாரோ கைப்பேசியில் எடுத்த ஒரே படம். அதிலும் பாதியை ஒருவர் முதுகு மறைக்கிறது.

இன்னொரு விஷயம். காமிராவின் மீட்டர், காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் அளக்கிறது. சிம்லா போய்ப் பனியைப் படமெடுத்தால் சாம்பலாக வருவது இதனால்தான். கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானில் கூட்டல் 1 வையுங்கள், பனி வெளுக்கும். மேடையில் இதற்கு நேர் எதிர்: பின்னால் கருந்திரை, நடுவில் விளக்கொளியில் பெண் ஆடுகிறாள். மீட்டர் இருட்டைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்ட, முகம் சுண்ணாம்பாகிவிடும். அங்கேதான் ‘எம்’. இரண்டும் நம் கையில். முதல் உருப்படியிலேயே இரண்டு மூன்று படம் எடுத்து, முகம் சரியாக வரும் அளவுகளைக் கண்டுபிடித்து, விளக்கு மாறும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

பூ, மலை, ஓடும் மனிதன் என்று சில காமிராக்களில் இருக்கும் சின்னப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும் மனிதன் என்பது வேஷம் போட்ட ‘எஸ்’.

வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை. ஐ.எஸ்.ஓ.வை 100ல் நிறுத்தி, ‘எஸ்’ஸில் மின்விசிறியைப் படம் எடுங்கள். நிமிஷத்துக்கு 300 சுற்று என்றால், 60ல் ஒரு வினாடியில் இறக்கை 30 டிகிரி திரும்பியிருக்கும். 500ல் ஒரு வினாடியில் 3.6 டிகிரிதான். இரண்டாவதில் இறக்கை ஏறக்குறைய நின்றிருக்கும், ஆனால் படம் இருண்டிருக்கும். அப்போது எந்த எண் கண்ணடிக்கிறது என்று உங்கள் காமிராவில் பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். பிறகு ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று ஏற்றி மறுபடி எடுங்கள். முடிந்ததும் சக்கரத்தை ‘பி’க்குத் திருப்பிவிட்டு உள்ளே வையுங்கள்.