றெசினில் சொரூபம் வார்த்தல்: எதைத் தெரிவது, எப்படிப் பாவிப்பது?

கமம் செய்யும் குடும்பங்களுக்குச் சிலை வார்க்கும் வேலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தர்மபுரத்தில் இதைத் தொடங்கியபோது எம்மிடமும் அந்தக் கேள்வி இருந்தது. 2009ஆம் ஆண்டுக்குப் பின் மக்கள் ஊர்களுக்குத் திரும்பியபோது கூரைகளும் கிணறுகளும் மட்டும் சிதைந்திருக்கவில்லை. தெருவோரக் கெபிகளில் சொரூபங்கள் தலையின்றியும் கையின்றியும் நின்றன. வெளியிலிருந்து புதிதாக வாங்கினால் விலை அதிகம். ஏற்றிவரும் வழியிலேயே விரல்கள் முறிந்துவிடும். காலபோக அறுவடை முடிந்த பின், குளத்தில் நீர் குறைந்து சிறுபோகம் செய்ய முடியாத ஆண்டுகளில் எமது கைகள் சும்மா இருக்கின்றன. காணி இன்னும் கைக்கு வராத குடும்பங்களுக்கோ ஆண்டு முழுவதும் அதே நிலை. அதனால்தான் துணிந்தோம்.

முதல் முயற்சி பிழைத்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இரண்டடி உயரமான அந்தோனியார் சொரூபம். பிளாஸ்டர் அச்சுச் செய்து, சித்திரை மாத நடுப்பகலில், ஏறத்தாழ பத்துக் கிலோ றெசினை ஒரே தடவையில் அச்சுக்குள் ஊற்றினோம். கால் மணி நேரம் ஆவதற்குள் அச்சு தொட முடியாதபடி சுட்டது. மூக்கை அரிக்கும் புகை எழுந்தது. மாலையில் திறந்தபோது கழுத்திலிருந்து பீடம் வரை வெடிப்பு. அச்சும் பாழ். வீணாய்ப் போனது பெண்கள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம். அடுத்த கூட்டத்தில் அவர்களின் முகத்தைப் பார்க்க எமக்கு வெட்கமாக இருந்தது.

ஏன் இப்படி நடந்தது? றெசின் களிமண்ணைப் போலக் காய்ந்து இறுகும் பொருள் அல்ல. அதனுடன் கடினமாக்கியைக் கலந்ததும் உள்ளே இரசாயன மாற்றம் தொடங்கி வெப்பம் பிறக்கிறது. எருக்குவியலை நினைத்துப் பாருங்கள். பரப்பி விட்ட எரு சுடாது. குவித்த எருவின் நடுவே கையை விட்டால் சுடும். றெசினும் அவ்வாறே. மெல்லிய படையாக இருந்தால் வெப்பம் வெளியேறும். தடிப்பாக இருந்தால் நடுவில் தேங்கி, தன்னைத் தானே வெடிக்கச் செய்யும். அத்துடன் பொலியெஸ்ரர் றெசின் இறுகும்போது பருமனில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். சுருக்கமும் சூடும் சேர்ந்தே எமது அந்தோனியாரைப் பிளந்தன.

பிசின் வகை எமது மக்களுக்குப் புதிதல்ல. சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகுடன் குங்கிலியத்தைக் கலந்தே சிலையின் முதல் உருவைச் செய்கிறார்கள். அது சூட்டில் உருகி வழிந்தோட, அந்த வெற்றிடத்தில் உலோகம் வந்து நிற்கும். பொலன்னறுவையில் கிடைத்து இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கும் நடராசர் சிலைகளும் மெழுகு முறையில் வார்த்தவையே. அங்கே பிசின் விலகிப் போகிறது. இங்கே நாம் வார்க்கும் பிசினே சிலையாக நிலைக்கிறது.

கடையில் வார்ப்பு றெசின் என்று கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகு பார்த்தவர்கள் முதல் வகையைப் பார்த்தவர்களே. அது பொலியெஸ்ரர். 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் வடக்கில் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியதும் இந்த வகையில்தான். மூன்றிலும் விலை குறைந்தது இது. மணம் கடுமை, சுருக்கம் அதிகம். எனினும் கண்ணாடிநார்ப் பாயுடன் சேர்த்து மெல்லிய ஓடாக எடுத்தால் நல்ல உறுதி கிடைக்கும். படகு திருத்தும் ஒருவரை அறிந்திருந்தால் முதலில் அவரிடம் ஒரு நாள் நின்று பாருங்கள். எந்தப் புத்தகமும் அதற்கு ஈடாகாது.

இரண்டாவது எப்பொக்சி. சுருக்கம் மிகக் குறைவு. ஒட்டும் வலிமை அதிகம். முறிந்த கையை, விரலைப் பொருத்துவதற்கு இதுவே சிறந்தது. முழுச் சிலைக்கு இதைப் பாவிப்பது வீண் செலவு என்பது எமது கருத்து. மேலும் சாதாரண எப்பொக்சி கடும் வெயிலில் சற்று இளகி, நாளடைவில் மஞ்சளாகும். மூன்றாவது பொலியூரித்தேன். சில நிமிடங்களில் இறுகிவிடும். சிறு பொருட்கள் பல செய்ய ஏற்றது. ஆனால் ஈரத்துக்கு ஆகாது. மாரி காலத்தில் காற்றிலுள்ள ஈரமே அதை நுரைக்கச் செய்து சிலைக்குள் குமிழ்களை உண்டாக்கும். அதன் ஆவி தொய்வு நோயாளருக்குக் கெடுதல். எமது இடத்துக்கு இதை நாம் பரிந்துரைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் பெரிய சொரூபத்துக்கு றெசினே தேவையில்லை. கம்பி கட்டிச் சீமெந்தில் செய்யுங்கள். ஊர் மேசனே கை கொடுப்பார். கோவிலின் மூலமூர்த்திக்குக் கருங்கல்லும் பஞ்சலோகமுமே மரபு. அங்கும் றெசினுக்கு இடமில்லை. பாரம் குறைந்ததாக, நுணுக்கம் கெடாததாக, ஒரே அச்சில் பல எடுக்க வேண்டியதாக இருந்தால் றெசினை நாடலாம். தூக்கிக்கொண்டு போகக்கூடிய சொரூபம் என்பதன் பெறுமதியை எமது மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008 ஏப்பிரலில் மடு மாதாவின் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது.

இனி, இரண்டாம் தடவை நாம் செய்த முறை.

களிமண்ணில் செய்த மூல உருவிலிருந்து பிளாஸ்டர் அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றக்கூடியவாறு எடுத்தோம். முழங்கையின் கீழும் பிள்ளை இயேசுவின் பின்புறமும் சிக்கும் இடங்கள். அங்கே தனித் துண்டு வேண்டும். அச்சைப் பல நாட்கள் நிழலிலும் பின் இளவெயிலிலும் உலர்த்தினோம். ஈரமான பிளாஸ்டரில் றெசினின் மேற்பரப்புச் சரியாக இறுகாது. பின்னர் அரக்கு வார்னிஷ் பூசி, அதன் மேல் மெழுகை ஐந்து தடவை தேய்த்தோம். இதில் சோம்பல்பட்டால் சிலையும் அச்சும் ஒட்டிக்கொண்டு இரண்டும் போய்விடும். றப்பர் பால் அச்சு மலிவு என்று சிலர் சொல்வார்கள். பிளாஸ்டர், சீமெந்து வார்ப்புகளுக்கு அது நல்லது. பொலியெஸ்ரரில் உள்ள ஸ்டைரீன் றப்பரை ஊதச் செய்வதால் ஒரு சில வார்ப்புகளிலேயே அச்சு உருக்குலையும்.

அடுத்தது சோதனை. விதைநெல்லை முளைக்கப் போட்டுப் பார்க்காமல் வயலில் எறிய மாட்டோம் அல்லவா? றெசினுக்கும் அது பொருந்தும். 100 கிராம் றெசினை ஒரு கோப்பையில் எடுத்து, 1 கிராம் கடினமாக்கி (கடையில் ஹாட்னர் என்பார்கள்) சேர்த்துக் கலக்கி, எத்தனை நிமிடத்தில் கூழாகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். நேரத்துடன் அன்றைய வெயிலையும் குறியுங்கள். வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் அந்த நேரம் ஏறத்தாழ பாதியாகும். பழைய தகரமாயின் இந்தச் சோதனை இன்னும் அவசியம். குளிரான இடத்தில் சில மாதங்கள் இருக்கும் றெசின், எமது தகரக் கூரைக்குக் கீழே அதற்கு முன்னரே தானாகக் கூழாகிவிடும். தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

பொலியெஸ்ரருக்குக் கடினமாக்கி 1 முதல் 2 சதவீதம், அதாவது 1 கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். வெயில் அதிகம் என்று அரை சதவீதத்துக்குக் குறைப்பவர்களைக் கண்டிருக்கிறோம். அது தவறு. அப்படிச் செய்தால் றெசின் மாதக்கணக்கில் றப்பரைப் போல நெளியும். கடினமாக்கியைக் குறைக்காமல் வேலை நேரத்தை மாற்றுங்கள். நாம் அதிகாலையில் தொடங்கி, ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காமல் வேலை செய்தோம். எப்பொக்சியின் கணக்கு வேறு. அதில் தகரத்தில் எழுதியுள்ள அளவை நிறுத்தே எடுக்க வேண்டும். கூட்டினால் விரைவாக இறுகாது. சிலை பலவீனமாகவே இருக்கும்.

முதலில் நிறப்பொடியும் உலர்ந்த சுண்ணக்கல் மாவும் கலந்த றெசினைத் தூரிகையால் அரை மில்லிமீற்றர் அளவில் அச்சினுள் பூசினோம். மாவு சேர்ப்பதால் சூடும் சுருக்கமும் செலவும் குறையும். ஆனால் மாவில் சிறிதும் ஈரம் இருக்கக் கூடாது. அந்தப் பூச்சு விரலில் ஒட்டாத அளவுக்கு வந்ததும், கண்ணாடிநார்ப் பாயைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, றெசின் தோய்த்துத் தூரிகை நுனியால் குத்திக் காற்றை வெளியேற்றிப் பதித்தோம். ஆற விட்டு இன்னொரு படை. பாயின் நிறையைப் போல இரண்டரை மடங்கு றெசின் போதும். பத்துக் கிலோ விழுங்கிய அதே உருவத்துக்கு இப்போது ஒன்றரைக் கிலோவளவே செலவானது! உள்ளே வெற்றிடம்; காற்றில் சாயாமல் நிற்க அடியில் மட்டும் சீமெந்துச் சாந்து.

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். பெற்றோர் இதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். கடினமாக்கி தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். அதைச் சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை அப்படி வைத்து எத்தனை வீடுகளில் பிள்ளைகளை இழந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே சுத்தமான நீரால் குறைந்தது கால் மணி நேரம் தொடர்ந்து கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஆகவே கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்கக் கூடாது. அக்செலரேட்டர் என்ற ஊதா நிறத் திரவம் தனியாகத் தரப்பட்டால் அதை முதலில் றெசினில் நன்கு கலந்த பின்பே கடினமாக்கியைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும். முன்பே கலந்த றெசினைக் கேட்டு வாங்குவது புத்தி.

ஸ்டைரீன் சுமார் 31 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவு ஆவியை விடும். எமது நண்பகல் அதை விடச் சூடானது. எனவே அடுப்பு, குப்பி விளக்கு, பீடி எதுவும் அருகில் வேண்டாம். சமையல் கொட்டிலில் வார்ப்பு வேலை கூடவே கூடாது. நாற்புறமும் திறந்த கொட்டிலே ஏற்றது. முகத்தில் கட்டும் துணி தூசியைச் சற்றுத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் இந்த வேலைக்கு வர வேண்டாம். அச்சு செய்வதிலும் நிறம் தீட்டுவதிலும் அவர்களுக்குப் போதிய வேலை உண்டு. இறுகிய சிலையைத் தேய்க்கும்போது நீர்த்தாளால் நனைத்தே தேயுங்கள். கண்ணாடிநார்த் தூசி நெஞ்சுக்கு நல்லதல்ல. மிஞ்சிய கலவையையும் துடைத்த துணியையும் ஒன்றாகக் குவிக்காமல் வெளியே பரப்பி ஆற விடுங்கள்.

கெபியில் சொரூபம் உடைந்திருந்தால் உடனே புதிது வார்க்க முனைய வேண்டாம். முறிந்த துண்டுகள் இருந்தால் கழுவி உலர்த்தி எடுத்து வாருங்கள். சென்ற ஆண்டு எம்மிடம் வந்த சொரூபங்களில் பாதிக்கு மேல் எப்பொக்சியாலும் ஓர் ஆணித் துண்டாலும் சரியாகிவிட்டன.