அட்வான்ஸுக்கு முன் ஒரு வக்கீல்

தமிழ்நாட்டில் வீடு வாங்குகிறவர் முத்திரைத்தீர்வையாக 7 சதவீதமும் பதிவுக் கட்டணமாக 2 சதவீதமும் அரசுக்குக் கட்டுகிறார். 50 லட்சம் ரூபாய் வீடு என்றால் அதுவே நாலரை லட்சம். தரகருக்குக் கமிஷன், வங்கிக்குப் பரிசீலனைக் கட்டணம், புதுமனைப் புகுவிழாச் செலவு எல்லாம் தனி. இத்தனைக்கும் கணக்குப் பார்க்காதவர்கள், அந்தச் சொத்தின் பத்திரங்களைத் தமக்காக உட்கார்ந்து படிக்கும் வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுக்கும் இடத்தில் மட்டும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். கஞ்சத்தனம் இதற்குக் காரணம் அல்ல. அந்த வேலையை வேறு யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கைகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

"பத்திரம் பதிவாகிவிட்டது, இனி யார் என்ன செய்ய முடியும்?"

வேரூன்றிப்போன நம்பிக்கை இது. பதிவு என்பது ஆவணத்துக்கு நடப்பது. விற்றவருக்கு அந்தச் சொத்தில் உண்மையிலேயே உரிமை இருந்ததா என்பதற்கு அது சான்று ஆகாது. 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த தமிழ்நாடு பதிவு விதி செல்லாது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், எழுதிக்கொடுப்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்றது. எழுதிக்கொடுப்பவரிடம் இல்லாத உரிமை, பதிவு செய்ததனால் வாங்குபவருக்கு வந்துவிடாது.

அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் போன்றவற்றைப் பதிவு செய்யாமல் தடுக்கப் பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தத் தடை வேலை செய்ய வேண்டுமென்றால், சர்வே எண் சரியாகப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் விடுபட்ட நிலத்தை வாங்கியவர், "எனக்குப் பதிவு செய்து கொடுத்தார்களே" என்று பின்னால் வாதாடிப் பயனில்லை.

"வங்கியே கடன் கொடுத்துவிட்டது. அவர்கள் பார்க்காததையா நாம் பார்க்கப் போகிறோம்?"

வங்கியின் பேனல் வக்கீல் பத்திரங்களைப் படிக்கிறார் என்பது உண்மை. அவர் வங்கிக்காகப் படிக்கிறார். கொடுத்த கடன் திரும்பி வருமா, சொத்தை அடமானமாக ஏற்கலாமா என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி 50 லட்சம் தருகிறது என்றால், மீதி 30 லட்சம் வாங்குபவரின் சேமிப்பு. நாளை சொத்தே கைவிட்டுப் போனாலும் மாதத் தவணை நிற்காது. கடன் வாங்கியவரின் சம்பளத்திலிருந்து வங்கி அதை வசூலிக்கும். அண்டை வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டியிருக்கிறாரா, பாதையில் நமக்கு உரிமை இருக்கிறதா என்பவை பேனல் வக்கீல் வங்கிக்குத் தரும் அறிக்கையில், அதாவது ஒப்பீனியனில், பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வங்கியின் ஒப்பீனியனைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், நல்லதுதான். நம்முடைய வக்கீல் செய்ய வேண்டிய வேலைக்கு அது மாற்றாகாது.

"இருபது, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு. சுத்தமாக இருக்கிறது."

வில்லங்கச் சான்றை இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடலாம். அந்த வசதியே ஒரு பொய்யான நிம்மதியையும் கொடுத்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான நடவடிக்கைகள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு வராது. சொத்துவரிப் பாக்கி வராது. குறிப்பு எதுவும் எழுதாமல் அசல் பத்திரத்தை மட்டும் கொடுத்து வாங்கிய கடன் வராது. அதனால்தான் அசல் எங்கே என்று வக்கீல் முதலில் கேட்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மனிதர் இறந்ததும் அவர் சொத்தில் யார் யாருக்குப் பங்கு உண்டானது என்பது வில்லங்கச் சான்றில் வரவே வராது. என் கணிப்பில், நம் ஊர்களில் வீடு வாங்குகிறவர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பதில் முதலிடம் இதற்குத்தான். அப்பா இறந்தபின் அண்ணனும் தம்பியும் சேர்ந்து விற்கிறார்கள். கட்டிக்கொடுத்த தங்கை கையெழுத்துப் போடவில்லை. "அவளுக்கு நகை போட்டுச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்" என்கிறார்கள். சட்டம் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. இந்துக் குடும்பத்தில் அப்பா தானே சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், மகள் 1956 முதலே மகனுக்குச் சமமான வாரிசு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே, அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. 2005-ல் நாடாளுமன்றம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்த விற்பனைகளுக்கும் பாகப்பிரிவினைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆக, ஒரு தேதி முன்பின் ஆனாலே பதில் மாறிவிடுகிறது.

மைனர் பிள்ளையின் பங்கும் இப்படித்தான். தாயோ தந்தையோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை விற்றிருந்தால், பிள்ளை வயதுக்கு வந்து மூன்று ஆண்டுக்குள் விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம்.

இந்தச் சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போய், ஒவ்வொரு இறப்பிலும் நின்று, வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களைப் பத்திரத்தில் உள்ள கையெழுத்துகளோடு பொருத்திப் பார்ப்பவரே நமக்கு வேண்டிய வக்கீல்.

"பட்டா விற்பவர் பெயரில்தான் இருக்கிறது."

பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. அது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். திட்டத்தில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பெயர்கள் மாறியும் பரப்பு கூடியும் குறைந்தும் ஏறிய இடங்கள் ஏராளம். பட்டாவில் சந்தேகம் வந்தால் அதற்கு முந்தைய அ-பதிவேட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

"நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்கிறார், தெரிந்தவர், அவரிடமே காட்டிவிடலாம்."

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தெரிந்தவரா என்பதைவிட உள்ளூர் வக்கீலா என்பதே முக்கியம். உள்ளூர் வக்கீல் என்றால் வாங்குபவரின் ஊர்க்காரர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க்காரர்தான் உள்ளூர் வக்கீல். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு தென்காசியில் வீடு வாங்குகிறவருக்கும், துபாயிலிருந்து தாம்பரத்துக்குப் பணம் அனுப்புகிறவருக்கும் இது பொருந்தும்.

காரணம் மிக எளியது. பத்திரத்தில் எழுதியிருப்பதை எந்த வக்கீலும் படித்துவிடலாம். எழுதாமல் இருப்பதைத் தெரிந்துகொள்ள மண் பழக்கம் வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும், திருநெல்வேலியிலிருந்து தென்காசியும் 2019-ல்தான் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன்னும் பின்னும் வட்டங்கள் பிரிந்தன, சார்பதிவாளர் அலுவலக எல்லைகள் மாறின. ஒரு கிராமம் முப்பது ஆண்டுகளில் இரண்டு மூன்று அலுவலகங்களின் கீழ் இருந்திருக்கலாம். இப்போதைய அலுவலகத்தில் மட்டும் தேடினால் பழைய அடமானம் ஒன்று கண்ணில் படாமலே போகும். கிராமம் நகராட்சியான இடங்களில் பழைய சர்வே எண் ஒன்று, நகர சர்வே எண் வேறொன்று. இரண்டையும் இணைத்துப் பார்க்காவிட்டால் வேறு யாருடைய நிலத்துக்கோ வில்லங்கம் போட்டுப் பார்த்தவராவோம்.

இந்த மனைப்பிரிவு ஏரி உள்வாயில் வருகிறதா, வாய்க்கால் புறம்போக்கை ஒட்டி நிற்கிறதா, நகர்ப்புற நில உச்சவரம்பில் ஒருகாலத்தில் அரசு எடுத்த நிலமா என்பதெல்லாம் அந்த வட்டாரத்தில் வழக்கு நடத்துகிறவருக்குத் தெரியும். 1892-ல் ஆங்கில அரசு தலித் மக்களுக்காக ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம், விதிகளை மீறிக் கைமாறியிருந்தால், அதை வாங்கியவர் கையில் அது நிலைக்காது. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் விற்றிருந்தால் அந்த விற்பனை செல்லாது. அந்தப் பகுதியில் எந்தெந்தச் சர்வே எண்களில் இப்படி வில்லங்கம் இருக்கிறது என்பது உள்ளூர் நீதிமன்ற வளாகத்தில் பேச்சாகவே இருக்கும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கிய சொத்து அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்படும். நீதிமன்ற இணையதளத்தில் பெயரை வைத்துத் தேடலாம். ஆனால் விற்பவரின் தாத்தா பெயரில், வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும் வழக்கை, ஊரும் குடும்பமும் தெரிந்தவர்தான் எளிதில் கண்டுபிடிப்பார்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நீங்கள் போகும் வக்கீல் விற்பவரின் குடும்பப் பாகப்பிரிவினையை எழுதியவராக இருக்கலாம், தரகருக்கு நெருங்கியவராக இருக்கலாம். "சார், விற்கிறவருக்கோ புரோக்கருக்கோ நீங்கள் ஏதாவது வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று முதல் சந்திப்பிலேயே மரியாதையோடு கேட்டுவிடுங்கள். நேர்மையானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"புரோக்கரே வக்கீல், பத்திர எழுத்தர் எல்லாம் ஏற்பாடு பண்ணிவிடுவார்."

விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன். அவர் கொண்டுவரும் வக்கீல், விற்பனையை நிறுத்தச் சொல்லும் ஒரு வரியை எழுதுவதற்குத் தயங்கவே செய்வார். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே வக்கீல் என்ற ஏற்பாட்டில் செலவு குறையும். சந்தேகம் வரும்போது உங்கள் பக்கம் பேச ஆள் இருக்காது. பத்திர எழுத்தர் உரிமம் பெற்று ஆவணம் எழுதுகிறவர். அனுபவசாலிகள் அவர்களில் பலர். ஆனாலும் சொல்லியதை எழுதுவதே அவர் வேலை, உரிமையை ஆராய்ந்து பொறுப்பேற்பது அல்ல.

அடுக்குமாடி வாங்குகிறவர்கள், "ரெரா நம்பர் இருக்கிறது" என்பார்கள். ரெரா எனப்படும் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவான திட்டம் என்பது நல்ல அடையாளம்தான். நிலத்தின் உரிமை பற்றி அங்கே இருப்பது கட்டுநர் கொடுத்த ஆவணங்களும் உறுதிமொழியும். அவற்றை எடுத்து உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.

"முதலில் டோக்கன் கொடுத்துப் பிடித்துவைப்போம், பத்திரத்தை அப்புறம் பார்க்கலாம்."

நல்ல வீடு கைநழுவிப் போய்விடுமே என்ற பதற்றம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் வக்கீல் கேள்வி கேட்பதற்கு முன்பே பணம் கைமாறிவிட்டால், அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல விற்பவருக்கு அவசரம் இருக்காது. டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு தொகையை வங்கி வழியாகக் கொடுங்கள். உரிமையில் குறை இருந்தால் முழுப்பணமும் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரெராவின் கீழ் வரும் திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கவே கூடாது. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2012 டிசம்பரிலிருந்து இருக்கிறது. முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினால் போதும் என்பவரிடம் ஜாக்கிரதை. முழுத் தொகை வாங்கிக்கொண்டு பவர் மட்டும் எழுதித் தருகிறேன் என்பவரிடம் இன்னும் ஜாக்கிரதை. பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"பெரிய வக்கீலாகப் பார்த்துப் போனால் கவலையில்லை."

நீதிமன்றத்தில் கொடிகட்டிப் பறக்கும் கிரிமினல் வக்கீலுக்குச் செட்டில்மென்ட் பத்திரத்தின் நுணுக்கம் பழக்கமாக இருக்க வேண்டியதில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யப் பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை என்பதால் பெயரும் பலகையும் உதவாது. அதே பகுதியில் அண்மையில் வீடு வாங்கியவர்களிடம் விசாரிப்பதுதான் வழி. ஆளைக் கண்டபின் கேட்க வேண்டியவை சில. பத்திரங்களை நீங்களே படிப்பீர்களா, ஜூனியரா? விற்பவர் தரும் ஜெராக்ஸை வைத்தா, சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து நகல் எடுத்து ஒப்பிட்டா? வாரிசுகளை விசாரிப்பீர்களா? நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுக்கலாமா? ஒப்பீனியனில் என்னென்ன இருக்கும்? "உரிமை தெளிவாக உள்ளது" என்று ஒற்றை வரியில் முடியும் ஒப்பீனியன் ஒப்பீனியனே அல்ல. பார்த்த ஆவணங்கள், பார்க்க வேண்டியிருந்தும் கிடைக்காதவை, சங்கிலியில் விட்டுப்போன கண்ணி, பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் வாங்க வேண்டிய காகிதங்கள், கையெழுத்துப் போட வேண்டியவர்களின் பெயர்கள் எல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

"வக்கீல் கோட்டைவிட்டால் கன்ஸ்யூமர் கோர்ட் இருக்கிறது."

இல்லை. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தொழில் ஒழுக்கக் கேடு என்றால் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். நஷ்டத்துக்குச் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும், அது நீண்ட பாதை. அதனால் எந்தெந்த ஆவணங்களை அவரிடம் கொடுத்தீர்கள் என்ற பட்டியலில் அவர் கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். வாட்ஸ்அப்பில் குரலாகச் சொன்ன அபிப்பிராயத்தை வைத்து முன்பணம் கொடுக்காதீர்கள்.

கட்டணம் பேசும்போதே, வேலை எதுவரை என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். கிரயப்பத்திரத்தின் வரைவை அவர் திருத்த வேண்டும், பதிவு நாளன்று அலுவலகத்தில் உடன் இருக்க வேண்டும், பதிவானபின் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் பெயர் சரியான சர்வே எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பட்டா மாற்றத்துக்கும் சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதியைப் பட்டா கைக்கு வந்தபின் தருவதாக முதலிலேயே சொல்லலாம். இதை ஒப்புக்கொள்ளும் வக்கீல்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.