வேலியோரத்துக் காயும் மழைக்காலச் சேமிப்பும்

ஐப்பசியும் கார்த்திகையும் நெசவாளர் குடும்பங்களுக்கு நெருக்கடியான மாதங்களாகும். கஞ்சியிட்ட பாவு உலர வெயில் இராது; குழித்தறியில் ஈரம் ஊறும்; கூலி குறையும். அதே சமயத்தில் காய்கறி விலையும் ஏறிவிடும். புத்தூரிலும் அதனையடுத்த உறையூரிலும் உள்ள அங்கத்தினர்களுக்கு இதனை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால், இந்நெருக்கடியை ஓரளவு தணிக்கவல்ல பொருள்கள் பயிரிடாமலே நம்மைச் சுற்றி விளைகின்றன என்பதையும், முறையறிந்து பக்குவப்படுத்தினாலன்றி அவை பயன்தரா என்பதையும் இங்கு ஆராய்வோம்.

குளிர்நாடுகளில் காட்டு ரோஜாவின் பூ உதிர்ந்தபின் சிவந்த சிறு கனி தோன்றும். இரண்டாம் உலகப் போரின்போது ஆரஞ்சுப் பழங்களின் வரவு குன்றிய பிரிட்டனில், 1941 முதல் பெண்கள் சங்கத்தினரும் பள்ளிப் பிள்ளைகளும் வேலிகளில் இக்கனியைப் பறித்துச் சேர்த்தனர். அதிலிருந்து காய்ச்சிய பாகு, 'சி' வைட்டமினுக்காகக் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டது. வேலியில் வீணாகிக் கிடந்த பொருள், கூட்டு முயற்சியால் உணவாயிற்று.

நம் நாட்டில் அக்கனிக்கு ஒப்பானது நெல்லிக்காய். ஆரஞ்சைவிடப் பல மடங்கு 'சி' வைட்டமின் அதில் உண்டு. 1939-40இல் ஹிஸ்ஸார் பகுதியில் பஞ்சம் நேர்ந்தபோது, ஈறுகளில் இரத்தம் கசியச் செய்யும் ஸ்கர்வி நோய்க்கு நெல்லியே மருந்தாயிற்று.

மார்கழி, தை மாதங்களில் நெல்லி மலிவாகக் கிடைக்கும். 'சி' வைட்டமினைக் கெடுப்பவை நீடித்த சூடு, காற்று, செம்பு ஆகிய மூன்றுமாம். ஆகவே செம்பு, பித்தளைப் பாத்திரங்களை விலக்கி, மண் அல்லது பீங்கான் சாடியையும் மர அகப்பையையும் கொள்க. ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் உப்பும் சிறிது மஞ்சளும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கழுவித் துடைத்த காய்கள் முழுதும் மூழ்குமாறு ஊற்றி மூடுக. மேலே மிதக்கும் காயில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலம்வரை வைத்திருக்க வேண்டுமாயின், காயைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் இட்டு எடுத்து, சுளை பிரித்து, உப்புப் பிசறி, மெல்லிய துணியால் மூடிச் சருகாக உலர்த்துக. உலர்த்துவதில் வைட்டமின் ஒரு பகுதி குறையும், முழுதும் போய்விடாது.

அடுத்தது சுண்டைக்காய். வாய்க்கால் கரையிலும் வேலியோரத்திலும் தானே வளர்வது. முற்றியும் பழுக்காத காய்களைப் பறித்து, இலேசாக நசுக்கி, விதை போக அலசுக. ஒரு கிலோ காய்க்கு ஒரு லிட்டர் புளித்த மோரும் 100 கிராம் உப்பும் போதும். இரவில் மோரில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைக்க வேண்டும். மோர் முழுதும் உறிஞ்சப்படும்வரை இவ்வாறே நாள்தோறும் செய்க. கையிலெடுத்துக் குலுக்கினால் கலகலவென ஒலிக்கும் பதமே சரியான பதம். பங்குனி, சித்திரை வெயிலே இதற்கு உகந்தது. நல்லெண்ணெயில் வறுத்த வற்றலைக் கொண்டு குழம்பு வைத்தால், காய் வாங்காமலே ஒரு வேளை சமையல் முடியும். வற்றலில் உப்பு இருப்பதால் குழம்பில் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளோர் இவ்விரண்டையும் அளவாக உண்பதே நலம்.

பறிப்பதிலும் சில நியதிகள் உண்டு. ஐயமறத் தெரிந்த செடியன்றி வேறெதையும் தொடலாகாது. உய்யக்கொண்டான் வாய்க்காலில் நகரக் கழிவுநீர் கலக்கும் இடங்களிலும், பூச்சிமருந்து தெளித்த வயலோரங்களிலும் பறிக்கலாகாது. செடியைக் கிளையோடு ஒடிப்பவர் அடுத்த ஆண்டின் காயையும் சேர்த்தே ஒடிக்கிறார். நெல்லிக்காக நாமே காப்புக்காட்டினுள் புகுதல் முறையன்று. பச்சைமலை போன்ற இடங்களில் காட்டுப் பொருள் சேகரிக்கும் உரிமையுள்ள மலைவாழ் மக்களிடம் நியாயமான விலைக்கு வாங்குவதே நேர்மை. நம் சேலைக்கு உரிய விலையைக் கேட்கும் நாம், அவர்கள் உழைப்புக்குக் குறைத்துக் கொடுத்தல் தகுமா?

இறுதியாகக் கணக்கு. வற்றும்போது காயின் எடை பெரிதும் குறையும். பச்சைக்காயின் விலையை மட்டும் எண்ணி வற்றலை விற்பவர் நட்டப்படுவார். ஆதலால் முதல் முறையிலேயே பச்சை எடை, உலர்ந்த எடை, உப்பு, மோர், செலவிட்ட நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். உழைத்த நாளுக்குரிய கூலியும் செலவேயாகும். வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதை விற்க விரும்பினால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெறுதல் வேண்டும். பத்துப் பேர் தனித்தனியே அலைவதைவிடச் சங்கம் ஒருமுறை முயல்வது எளிது.

உப்பையும் சாடிகளையும் மொத்தமாக வாங்குவது, உலர்த்துவதற்குத் தூய்மையான பொது இடம் ஒதுக்குவது ஆகிய இரண்டையும் தை மாதத்திற்கு முன்பே நிர்வாகக் குழுவின் முன் வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பாவு நனையும் நாளில் அடுப்பில் குழம்பு கொதிக்க வேண்டுமாயின், அதற்கான வேலை வெயில் நாளிலேயே முடிந்திருக்க வேண்டும்.