விரலும் விசையும்

மதுரை மாநகரின் பூச்சந்தையில் மல்லிகை தொடுக்கும் மகளிரைக் கண்டோர் வியவாதிரார். அவர்தம் கண்கள் வருவோர் போவோரை நோக்கும். நா விலை பேசும். விரல்களோ தாமே பூவை அடுக்கி, நாரால் முடிந்துகொண்டே செல்லும். கண்ணின் துணையின்றி விரல் தொழிற்படும் இந்நிலை பன்னாட் பழக்கத்தால் வருவது. தட்டச்சுத் தொழிலும் இத்தகையதே. ஆயின், பூத்தொடுப்பார்க்கு நார் வளைந்து கொடுக்கும்; தட்டச்சு செய்வார்க்கு விசைப்பலகை எளிதில் வளைந்து கொடாது. ஆதலின், பலகையின் அமைப்பு மொழிக்கும் கைக்கும் பொருந்தியிருத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்துக்கள் 247. இவற்றுக்கெல்லாம் தனித்தனி விசை அமைத்தல் இயலாது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தவருள் முதன்மையானவர் முத்தையா என்பார். அவர் 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். பின்னர்ச் சிங்கப்பூரில் வாழ்ந்தவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கிய அவர், அழுத்தினாலும் பொறி நகராத விசைகள் சிலவற்றை அதில் அமைத்தார். அதனால் குறியும் எழுத்தும் ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்தன. சில விசைகளைக்கொண்டே பல எழுத்துக்களைப் பெறும் வழி பிறந்தது.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்களிலிருந்து மதுரைக்கு வந்து, தட்டச்சுப் பயிலகங்களில் பயின்று, அதனாலேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டோர் பலர். அவர்கள் பயின்ற பொறி, கண்ணுக்குத் தோன்றும் வரிசையைப் பின்பற்றியது. ‘கை’ என்று எழுத வேண்டுமாயின், ஐகாரக் குறியை முன்னும் ககரத்தைப் பின்னும் அடித்தல் வேண்டும்.

கணினி வந்தபின் இம்முறை மாறியது. 1999ஆம் ஆண்டு சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. அதன் விளைவாகத் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்டது. இதில் பன்னிரண்டு உயிர்களும் ஆய்தமும் இடக்கையின்பால் அமைந்துள்ளன. பதினெட்டு மெய்களுள் வகரமும் ஙகரமும் ஒழிந்த பதினாறும் வலக்கையின்பால் உள்ளன. அ, இ, உ என்னும் குறில்கள் நடு வரிசையில் நிற்க, அவற்றின் நெடில்கள் மேல் வரிசையில் நிற்கின்றன. இலக்கணம் கற்ற மாணவன் பாதிப் பலகையை முன்னரே கற்றவனாகிறான்.

‘கை’ என்பதற்கு இப்பொழுது ககரத்தை முன்னும் ஐகாரத்தைப் பின்னும் அழுத்துதல் வேண்டும். ஒலி பிறக்கும் வரிசையே விரல் செல்லும் வரிசையாகும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். மகரம் இரட்டித்தவுடன் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். ‘மமதை’ போன்ற சொற்களில் புள்ளி வேண்டாவெனின், இடையே அகரத்தை அழுத்தலாம்.

எனினும், பழைய முறையில் இருபது ஆண்டு பழகிய ஒருவர் புதிய பலகைமுன் அமர்ந்தால், அவர் விரல் தானாகவே ஐகாரக் குறியைத் தேடும். விரைந்து எழுதியவர் தட்டுத்தடுமாறுவார். இஃது அறிவின் குறையன்று. பழைய பழக்கத்தின் வலிமையே. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முனையாமல், நாள்தோறும் சிறிது நேரம், பலகையைப் பாராமல், மெதுவாகப் பயில்வதே இதற்கு மருந்து. விரைவு தானே வந்து சேரும்.

மணிக்கட்டு நோவால் வருந்துவோர் இரு கூறாகப் பிரிந்த பலகையையும் நாடுகின்றனர். அதில் கைகள் தோளின் அகலத்திற்கு விலகி நிற்பதால் மணிக்கட்டு வளையாது. தமிழ் 99 இதற்கு நன்கு இயையும். ஒரு கூறு உயிருக்கும் மற்றொரு கூறு பெரும்பாலும் மெய்க்கும் உரியதாகும். ஆயினும் ஒரு குறை உண்டு. ந, ய, ண, ச, ஞ, ழ ஆகியவற்றின் சுமை வலக்கைச் சிறுவிரலின்மேல் விழுகின்றது. சில சிறு பலகைகளில் சகர ஞகரங்களுக்குரிய ஓர விசைகளே இரா. அப்பொழுது அவற்றை வலிய விரலுக்கு எட்டும் வேறு விசைகளில் அமைத்துக்கொள்ளலாம். ஒரு விசையை எத்துணை நேரம் அழுத்தினால் எழுத்து மீண்டும் விழும் என்பதையும் கணினியில் மாற்றலாம்; மெல்ல அழுத்துவோர்க்கு அந்நேரத்தை நீட்டுதல் நலம். ஆனால் நாளுக்கொரு மாற்றம் செய்வோர்க்கு எம்மாற்றமும் கைவராது. ஒன்றை மாற்றி, அது விரலில் படிந்தபின்னரே மற்றொன்றை மாற்றுதல் வேண்டும்.

நோவைப் பொறுத்துக்கொண்டு உழைப்பதே உழைப்பின் பெருமை என்று சிலர் எண்ணுவர். அது தவறு. உழவன் தன் உயரத்திற்கேற்ற மண்வெட்டிக் காம்பையே தேர்கின்றான். கருவியைக் கைக்கு இசைவித்தலும், கையைக் கருவிக்குப் பழக்குதலும் ஆகிய இரண்டும் கூடிய இடத்திலேயே தொழில் சிறக்கும்.