மார்க் வந்தாச்சு, இனி படத்தைப் பார்ப்போம்

சலூன் என்று சொல்லப்படும் பெரிய புகைப்படப் போட்டிகளில் ஒரு படம் நடுவரின் கண்முன் நிற்பது சில விநாடிகள்தான். இருட்டடித்த அறை, திரை, மூன்று ஜூரிகள், ஆளுக்கொரு பட்டன் பெட்டி. படம் வரும், மூவரும் அமுக்குவார்கள், மூன்று எண்களும் கூட்டப்பட்டுக் கணினியில் ஏறும், அடுத்த படம் வந்து நிற்கும். ஆயிரக்கணக்கான படங்களை ஓரிரு நாளில் பார்த்து முடிக்க வேறு வழியும் இல்லை. இந்த வேகத்தில் விழுந்த எண்ணை வைத்துக்கொண்டு "என் படத்தில் என்ன குறை?" என்று யோசித்து யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் நம் அமெச்சூர்கள். அதற்கான பதில் அந்த எண்ணுக்குள் கிடையாது.

அன்றைய வரிசையில், முன்னும் பின்னும் வந்த படங்களுக்கு நடுவில், அந்த மூன்று பேரின் கண்ணில் இது எவ்வளவு தைத்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். குலசேகரன்பட்டினம் தசரா முடிந்த சில மாதங்களில் நடக்கும் போட்டி எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். சடைமுடி, வீரப்பல், சிவப்புச் சேலை என்று காளி வேடங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். முதலில் வரும் காளி ஜூரியை நிமிர்ந்து உட்கார வைப்பாள். பின்னால் வரும் காளி அவளைவிட நல்ல வெளிச்சத்தில் நின்றாலும் கொட்டாவியைத்தான் வாங்குவாள். எடுத்தவர் தப்பு எதுவும் செய்யவில்லை. வரிசையில் பின்னால் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

விமர்சனம் வேண்டுமென்றால் அது கிடைக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அது உள்ளூர் கேமரா கிளப்பின் மாதக் கூட்டம். அந்தக் கூட்டங்களில் விமர்சனம் என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி உதவாதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படி ஒரு கூட்டத்தில் கண்டது இது. குலசேகரன்பட்டினத்தில் எடுத்த படம் ஒன்று திரையில் விழுந்தது. காளி வேடம் கட்டிய ஒருவர் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒரு சிறுவன் குனிந்து அவர் காலில் சலங்கை கட்டுகிறான். வலது மேல் மூலையில் கடையொன்றின் டியூப்லைட். "செம சார்" என்றார் ஒருவர். "ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்லையே, நடுவுல வெச்சுட்டீங்களே" என்றார் அடுத்தவர். "நானா இருந்தா 85 எம்எம் போட்டு இன்னும் கிட்ட போயிருப்பேன்" என்றார் மூன்றாமவர். எடுத்த இளைஞர் மூன்றுக்கும் தலையாட்டினார், எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ள என்ன இருந்தது?

பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். "தம்பி, என் கண்ணு முதல்ல டியூப்லைட்டுக்குப் போச்சு. அப்புறம் கிரீடத்துக்கு. அந்தப் பையன் விரலுக்குக் கடைசியாத்தான் வந்தேன். உங்களுக்கு இதுல எது முக்கியம்?"

"அந்த விரல்தான் சார். முடிச்சு போடத் தெரியாம திணறிக்கிட்டு இருந்தான்."

"அப்போ டியூப்லைட்டும் கிரீடமும் எனக்கு எதுக்கு?"

கிரீடத்தை வெட்டுவதா என்று அறையில் ஒரு சலசலப்பு. வேடத்தின் கம்பீரமே அதுதானே என்றார்கள். பெரியவர் "வெட்டு" என்று சொல்லவே இல்லை என்பதுதான் விஷயம். தன் கண் எங்கெங்கே போனது என்று வரிசையாகச் சொன்னார். எடுத்தவரின் எண்ணத்தைக் கேட்டார். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் காட்டினார். கத்தரி எடுத்தவர் கையிலேயே இருந்தது. ரூல் ஆஃப் தேர்ட்ஸ்காரர் சொன்னதைக் கேமராவின் கட்டக்கோடுகளே சொல்லிவிடும், அதற்கு ஒரு மனிதர் தேவையில்லை. 85 எம்எம்காரரோ தான் எடுக்காத ஒரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பெரியவர் இயல்பாகச் செய்ததை அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் ஒரு முறையாகவே வகுத்துவிட்டார். நாடகம், எழுத்து, ஓவியம் என்று பல துறைகளில் அது நடைமுறையில் இருக்கிறது. நான்கு கட்டம். பார்த்தவர்கள் தங்களுக்கு எது பட்டது, எது நினைவில் நின்றது என்று முதலில் சொல்ல வேண்டும். இரண்டாவதாகப் படைத்தவர் கேட்பார்: தனக்குச் சந்தேகம் உள்ள இடத்தைத் தானே காட்டிக் கேட்பார். மூன்றாவது கட்டத்தில் பார்த்தவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக்கூடாது. "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?" என்பது கேள்விக்குறி போட்ட குற்றச்சாட்டு. "இந்த இருட்டில் என்ன தெரிய வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பது கேள்வி. நான்காவதாகத்தான் அபிப்பிராயம். அதுவும் "பேக்கிரவுண்டைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா?" என்று கேட்டு, சரி என்ற பிறகு. கேட்க நாடகத்தனமாக இருக்கும். நம் கிளப்புகளில் இதை அப்படியே நடத்தினால் ஒரு படத்துக்கு அரைமணி நேரம் ஆகிவிடும் என்பதும் உண்மை. ஆனால் இரண்டாவது கட்டத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம். படத்தோடு ஒரே ஒரு கேள்வியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "இடது பக்கம் இருக்கும் ஆள் தேவையா, இடைஞ்சலா?" என்று கேட்டால் பத்துப் பேரும் படத்தைப் பார்ப்பார்கள்.

முதலில் பாராட்டு, நடுவில் குறை, முடிவில் மறுபடியும் பாராட்டு என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. என்னைக் கேட்டால் அது வேலைக்காகாது. கேட்பவர் கடைசிப் பாராட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

காரணத்தோடு சொல்லப்படும் ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1887-ஐப் பார்க்க வேண்டும். லண்டனின் 'அமெச்சூர் போட்டோகிராஃபர்' இதழ் விடுமுறைப் படங்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன். மருத்துவம் படித்துவிட்டுக் கேமராவுக்கு வந்தவர், கூரான நாக்குக்காரர். முதல் பரிசு ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த 23 வயது அமெரிக்க இளைஞருக்குப் போனது. இத்தாலியின் பெல்லாஜியோவில் தெருப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். பரிசோடு எமர்சன் காரணத்தையும் சொன்னார்: வந்து குவிந்ததில் இது ஒன்றுதான் தன்னியல்பாக இருக்கிறது என்று. அந்த இளைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். பிற்பாடு அமெரிக்கப் புகைப்படக் கலையின் போக்கையே திருப்பியவர்.

எதிர்ப்பக்கத்து அனுபவமும் அவருக்கே வாய்த்தது. 1893 பிப்ரவரியில், நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் பனிப்புயலுக்குள் மணிக்கணக்கில் நின்று, குதிரை வண்டி ஒன்று தன்னை நோக்கி வருவதை எடுத்தார். நெகடிவைப் பார்த்த சக அமெச்சூர்கள், கலங்கலாக இருக்கிறது, தூக்கிப் போடு என்றார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் தூக்கிப் போடவில்லை. நெகடிவின் பெரும்பகுதியை ஒதுக்கி, வண்டி வரும் பகுதியை மட்டும் செங்குத்தாக வெட்டிப் பிரதி எடுத்தார். 'குளிர்காலம், ஐந்தாவது அவென்யூ' என்று இன்று அருங்காட்சியகங்களில் தொங்குவது அதுதான். நண்பர்கள் கண்ட குறை நிஜம். பனியில் எடுத்த படம் கலங்கலாகத்தான் இருந்தது. குறையைக் கண்டதோடு நிறுத்தியிருக்கலாம். படத்துக்கு மரண தண்டனையும் சேர்த்து விதித்தார்கள்.

நடுவரின் தீர்ப்பு கல்வெட்டு என்று நினைப்பவர்கள் எமர்சனின் மிச்சக் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. 1889-இல் புகைப்படம் ஒரு கலை என்று வாதாடி ஒரு புத்தகமே எழுதினார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் அத்தனையையும் மறுத்து, துக்கச் செய்தி போலக் கறுப்புக் கரை கட்டிய சிறுநூல் ஒன்றைத் தயாரித்துவிட்டார். பரிசு கொடுத்த நடுவரே அவ்வளவு சீக்கிரத்தில் கட்சி மாறினார்.

இனி வாங்குகிறவர் பக்கம். இங்கே கஷ்டமான வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. "அங்க நிக்கவே இடம் இல்லை சார்", "போலீஸ் தள்ளிவிட்டாங்க", "ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன்" எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். படத்தின் ஓரத்தில் அது அச்சாகி வராது. பார்ப்பவர் கட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்கிறார். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றால் அந்தத் தவறான புரிதலும் ஒரு தகவல். விளக்கம் சொல்லி அதைக் கலைத்துவிட்டால் போய்விடும். எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதே லாபம்.

எழுதியவை எல்லாம் ஒரே ரகம் அல்ல. சிலவற்றை அளந்துவிடலாம். அடிவானம் சாய்ந்திருக்கிறதா, சட்டையின் வெள்ளை முழுக்க வெளுத்து விவரம் போய்விட்டதா, அபெர்ச்சரைச் சிறிதாக்கி எடுத்த வானத்தில் சென்சார் தூசி புள்ளியாக விழுந்திருக்கிறதா, ஷார்ப்னஸை ஏற்றியதில் தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு வந்திருக்கிறதா என்பவற்றில் சண்டைக்கு இடமில்லை. வெளுப்பை அறிய ஹிஸ்டோகிராமைத் திறந்தால் முடிந்தது, மற்றவை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். "பிரிண்ட் இருட்டா இருக்கு" என்று திரும்பத் திரும்பக் கேட்பவர் கேமராவைத் திட்டுவதற்கு முன் மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம். முழு வெளிச்சத்தில் எடிட் செய்யும் பழக்கம்தான் பல நேரம் காரணம். கண் எங்கே போகிறது என்ற ரகம் இன்னொன்று. அதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது: படத்தைத் தலைகீழாகத் திருப்பி, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முகமும் கதையும் மறைந்து வெளிச்சத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். டியூப்லைட் தானாகக் கையைத் தூக்கும்.

மீதி ருசி சார்ந்தது. கறுப்பு வெள்ளை பிடிக்காதவருக்குக் கறுப்பு வெள்ளை பிடிக்காது. அதை ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். விதிகளை வைத்து மட்டும் படம் பார்ப்பவர்களுக்கு 2006-இல் ஒரு சோதனை நடந்தது. பிரான்சின் இயேரில் 1932-இல் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் எடுத்த சைக்கிள்காரர் படத்தை, யாருடையது என்று சொல்லாமல், ஒருவர் இணையத்தில் அமெச்சூர்கள் முன் வைத்தார். சுழல் படிக்கட்டின் கீழே சைக்கிள் கலங்கலாகப் பாய்ந்து போகும் உலகப் புகழ்பெற்ற படம். ஷார்ப்பாக இல்லை, நீக்கு என்று வாக்குகள் விழுந்தன. சொன்னவர்களைக் கேலி செய்வது சுலபம். சைக்கிள் கலங்கியிருப்பதை அவர்கள் சரியாகவே கண்டார்கள். படிக்கட்டு அசையாமல் நிற்பதால்தான் சைக்கிள் பறக்கிறது என்ற அடுத்த வரிக்கு யாரும் போகவில்லை.

விமர்சனத்திலேயே சிக்கலான வகை ஒன்று உண்டு: "இது ஏமாற்று வேலை" என்று சொல்வது. 2016 ஜனவரியில் நிக்கான் சிங்கப்பூர் நடத்திய ஒரு போட்டியில் இரும்பு ஏணிச் சட்டங்களுக்கு நடுவே விமானம் பறக்கும் படம் பரிசு பெற்றது. யாரோ படத்தின் வெளிச்ச அளவை ஏற்றிப் பார்க்க, விமானத்தைச் சுற்றிச் சதுரமாக ஒட்டுத் தடம் பல்லிளித்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, எடுத்தவரும் கேட்டார். அதற்குள் கேலிப் படங்கள் குவிந்துவிட்டன. ஒரு தொழில்நுட்பத் தவறைக் காட்ட ஒரு ஆள் போதும். ஊரே கூடிக் கல்லெறிந்தது.

இன்னொரு வழி 2018-இல் லண்டனில் தெரிந்தது. ஆண்டின் சிறந்த கானுயிர்ப் புகைப்படக்காரர் போட்டியில், பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் கறையான் புற்றை நாடும் எறும்புதின்னியின் இரவுப் படம் ஒரு பிரிவில் வென்றிருந்தது. அது பாடம் செய்யப்பட்ட பொம்மை உடல் என்று போட்டியை நடத்தும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தகவல் போனது. படத்தில் இருப்பதையும் பூங்கா வாசலில் காட்சிக்கு வைத்திருந்த உடலையும் ஐந்து அறிவியலாளர்கள் தனித்தனியாக ஒப்பிட்டார்கள். ரோமக் கற்றைகளும் உடல்வாகும் ஒத்துப்போயின. எடுத்தவரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் மறுத்தார், முன்னும் பின்னும் எடுத்த ரா ஃபைல்களைக் கொடுத்தார், அவற்றில் எறும்புதின்னி இல்லை. பிறகுதான் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். சந்தேகம் வந்தால் அமைப்பாளரிடம் தனியாக, ஆதாரத்தோடு. கிளப் அளவிலும் இதைவிட நல்ல நடைமுறை கிடையாது. போட்டிக்கு அனுப்புபவர்களும் ரா ஃபைலை மட்டுமல்ல, அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. விருப்பமில்லாத கேள்விக்கு அதுதான் சத்தமில்லாத பதில்.

கிளப் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடிவு அறிவிக்கும் நாளில் பரிசு பெற்ற படங்களைப் பற்றித்தான் ஜூரிகள் பேசுகிறார்கள். அவை நல்ல படங்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஓரிரு மார்க்கில் வெளியே போன படங்களிலிருந்து ஐந்தைப் பெயர் சொல்லாமல் திரையில் போட்டு, பட்டனை அமுக்கிய கையை எது தயங்க வைத்தது என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். மண்டப வாடகை அரைமணி நேரத்துக்குக் கூடும். டீயும் இன்னொரு ரவுண்ட் சொல்ல வேண்டியிருக்கும்.